முந்திரிகைக் கொடியைக் கத்தரித்தலும் இலையின் தொழிலும்

வன்னிப் பெருநிலத்தில் குளத்து நீர் பாயும் தாழ்நிலம் நெல்லுக்கும், கிணறுள்ள மேட்டுக்காணி மிளகாய், கத்தரி, பயற்றை முதலிய தோட்டப் பயிர்களுக்கும் உரியனவாக வழங்கி வருகின்றன. மேட்டுக்காணியின் ஒரு மூலையில் அல்லது வீட்டு வளவில் முந்திரிகைப் பந்தர் ஒன்று இட விரும்பும் கமக்காரருக்காக இப்பிரசுரம் எழுதப்படுகின்றது. முந்திரிகை என்று ஈண்டுக் கூறுவது திராட்சைக் கொடியை, மரமுந்திரிகையை அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் இக்கொடி நன்கு பழகிய பயிராகும். அங்கு மிகுதியாக நடப்படும் ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கருநீல வகையே வன்னியிலும் எளிதிற் கிடைக்கக்கூடியது.

இப்பயிரைப் புதிதாகக் கைக்கொண்டோர் இருவகைக் குறைகளைக் கூறுவதுண்டு. பந்தர் முழுவதும் இலை மூடிக் கிடக்கின்றது, ஆனால் குலை இல்லை என்பது ஒன்று. முதல் இரண்டு காய்ப்பு நன்றாக இருந்தது, பின்னர் குலை சிறுத்துப் பழமும் புளித்துப் போயிற்று என்பது மற்றொன்று. இரண்டும் பசளைக் குறைவால் வந்தன என எண்ணி, யூரியாவை அள்ளி இடுவோர் உளர். அதனால் முதற்குறை மேலும் பெருகும். இரண்டாவது குறை தீராது. இவ்விரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கத்தரிக்கோலிலேயே உள்ளது. முதலாமவர் வெட்டாமல் விட்டார். இரண்டாமவர் காலமறியாது வெட்டினார்.

புடோலும் முந்திரிகையும்

புடோல், பாகல், பீர்க்கு என்பவற்றைப் பந்தரில் ஏற்றிப் பழகிய கை, முந்திரிகையையும் அவ்வாறே நடத்த முற்படுவது இயல்பு. புடோற்கொடி ஒரு போகத்தில் முளைத்து, படர்ந்து, பூத்து, காய்த்து மடிகின்றது. படரப் படர அதன் புதுக்கணுக்களிலே பூ வரும். ஆகையால் கொடி நீளுவது காய் பெருகுவதற்கு அடையாளமாகும்.

முந்திரிகை பல்லாண்டு வாழும் கொடி. அதன் குலையும் புதிய தளிரிலேயே தோன்றுகின்றது என்பது உண்மைதான். ஆனால் அத்தளிர் எந்த அரும்பிலிருந்து வெளிவருகின்றதோ, அவ்வரும்பினுள்ளே குலையின் கரு பல வாரங்களுக்கு முன்னரே உருவாகிவிடுகின்றது. கத்தரித்தபின் வளரும் புதுக்கொடியில், ஏறத்தாழ நாற்பதாம் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடையில், அதன் இலைக்கக்கங்களிலுள்ள அரும்புகளில் இக்கரு அமைகின்றது. அக்காலத்தில் அரும்புக்கும் அதன் அருகிலுள்ள இலைக்கும் நல்ல வெயில் கிடைத்தால் கரு குலையாகும். நிழலிற் கிடந்தால் அதே கரு வெறும் சுருட்கம்பியாக மாறும். முந்திரிகையின் குலையும், அது பற்றிப் படர உதவும் சுருட்கம்பியும் ஒரே மூலத்திலிருந்து தோன்றுபவை. கொடியை உற்று நோக்குவோர், பாதி சுருட்கம்பியாகவும் பாதி குலையாகவும் நிற்கும் உறுப்புகளைச் சில வேளைகளிற் காணலாம்.

எனவே வெட்டாது விடப்பட்ட பந்தரிலே நிகழ்வது யாதெனில், இலைமேல் இலை அடர்ந்து கீழுள்ள அரும்புகள் அனைத்தும் நிழலில் அமைகின்றன. அடுத்த தடவை அவை தளிர்க்கும்பொழுது சுருட்கம்பியையே தருகின்றன. எவ்வளவு பசளை இட்டாலும் அவ்வரும்பில் இல்லாத குலை வெளிவரப் போவதில்லை.

இலை செய்யும் தொழில்

நெற்பயிரில் கதிருக்கு அடுத்துள்ள மேலிலை பழுதுபட்டால் நெல் பதராகும் என்பதைக் கமக்காரர் அறிவர். மணியிலுள்ள மாப்பொருளின் பெரும்பகுதி மேலிலைகளில் ஆக்கப்பட்டதாகும். முந்திரிகையிலும் இதுவே விதி. இலை தன் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய இலைவாய்களால் வளியிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று, வேர் அனுப்பும் நீருடன் சேர்த்து, வெயிலின் சத்தியால் வெல்லச்சத்தை ஆக்குகின்றது. இதனையே ஒளித்தொகுப்பு என்பர். பழத்தின் இனிப்பும், வேரும் தண்டும் சேமித்து வைக்கும் மாப்பொருளும், புதுத்தளிரின் உடலும் இத்தொழிலின் விளைவேயாம்.

இதிற் கவனிக்க வேண்டியன சில உள. முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலே முந்திரிகை இலை தன் முழு வேகத்தை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட வெயிலால் அதற்குப் பெரிய இலாபம் இல்லை. ஆனால் ஓர் இலை தன்மீது விழும் பயன்தரும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்கின்றது. அதன் நேர் கீழேயுள்ள இலைக்கு எஞ்சுவது நூற்றுக்கு ஐந்தாறு பங்கே. மூன்றாம் அடுக்கில் உள்ள இலைக்கு ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிது. அந்த மூன்றாம் இலை உயிர்வாழ்வதற்குச் செலவிடும் வெல்லச்சத்தை அதனால் ஈட்ட முடியாது. அது பச்சையாக இருப்பதாற் பயிருக்கு உதவுகின்றதென எண்ணுதல் தவறு. நாளடைவில் மஞ்சளித்து உதிர்வதும் அதுவே. அதற்கிடையில் ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சண நோய்க்கு இடங்கொடுப்பதும் அதுவே.

இலையின் வயதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விரிந்து தன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு வளரும் வரை இலை பிற இலைகளிடமிருந்து உணவைப் பெறுகின்றது. அதன் பின்னரே கொடுக்கத் தொடங்குகின்றது. விரிந்து ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது நாள்களில் அதன் தொழில் உச்சநிலை அடைந்து, பின்னர் மெல்லக் குறைகின்றது. கிழ இலை நிறைந்த கொடியைக் கத்தரித்துப் புதுக்கொடி வரச்செய்வதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்றாகும்.

வெப்பமும் இத்தொழிலைக் கட்டுப்படுத்துகின்றது. 25 முதல் 30 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலை இலைக்கு உகந்தது. 35 பாகையைத் தாண்டினால் ஆக்கம் குறையும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை வன்னியில் நண்பகல் எவ்வாறு இருக்குமென்பது சொல்ல வேண்டியதில்லை. சோளகக் காற்று உலர்ந்து வீச, நீர் போதாத கொடி தன் இலைவாய்களை மூடிக்கொள்கின்றது; உடனே ஒளித்தொகுப்பும் தளர்கின்றது. ஆதலால் அம்மாதங்களில் காலை வெயிலே கொடிக்கு உணவூட்டும் வெயில். பந்தரின் கிழக்குப் பக்கத்தைப் பூவரசு, கிளிசரியா போன்றவற்றின் நிழலில் விடாதிருத்தல் நன்று. காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தில் வேலி உயர்ந்திருத்தலும் நன்றே.

கத்தரிக்கோல் செய்வதும் செய்யாததும்

கத்தரித்தல் கொடிக்கு வலுவூட்டும் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. இது முற்றிலும் சரியன்று. கலிபோர்னியாவில் விங்கிளர் என்னும் முந்திரிகை ஆராய்ச்சியாளர் 1920களிலும் அதற்குப் பின்னரும் செய்த பரிசோதனைகள், கடுமையாக வெட்டப்பட்ட கொடி மொத்தத்தில் குறைந்த இலையும், குறைந்த வேரும், குறைந்த விளைவும் உடையதாக இருந்ததைக் காட்டின. வெட்டியபின் எஞ்சும் சில அரும்புகள் மிக வேகமாக நீண்டு வளர்வதைக் கண்டு கொடி வலுப்பெற்றதென நாம் மயங்குகின்றோம். ஒவ்வொரு தளிரும் வலுத்தது உண்மை. கொடி முழுவதாக நோக்கின் அது இழந்ததே அதிகம்.

அங்ஙனமாயின் ஏன் வெட்ட வேண்டும்? எந்த இலைக்கு வெயில் கிடைக்க வேண்டும், எத்தனை குலையைக் கொடி தாங்க வேண்டும், எப்பொழுது அது காய்க்க வேண்டும் என்பவற்றை நாம் தீர்மானிப்பதற்கே. நியூயோர்க் மாநிலத்தின் செனீவா ஆராய்ச்சி நிலையத்தில் சோலிசு என்பவரும் அவருடைய துணைவரும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை வேறொரு வழியால் விளக்கிற்று. நெருங்கித் தொங்கிய கொடியை இரு திரைகளாகப் பிரித்து விட்டார்கள். நிழல் நீங்கவே அரும்புகளின் காய்க்குந்திறனும் விளைவும் உயர்ந்தன.

குளிர்நாடுகளில் பனிக்காலம் கொடியை உறங்கச் செய்கின்றது. இலை தானே உதிர, ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினாற் போதும். நம் நாட்டில் கொடி உறங்குவதில்லை. விட்டால் ஆண்டு முழுவதும் நுனியிலே நீண்டுகொண்டே செல்லும். இங்கு வெட்டுதலே அந்தப் பனிக்காலத்தின் வேலையைச் செய்கின்றது. அதனாற்றான் வெப்பநாடுகள் தத்தம் மழைக்கேற்ப வெவ்வேறு வழக்கங்களைக் கொண்டுள்ளன. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையை இரண்டு ஆண்டில் ஐந்து முறை அறுவடை செய்வோர் உளர். மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியிலோ, ஆண்டில் இருமுறை வெட்டியும் ஒருமுறையே பழமெடுக்கின்றனர். சித்திரையை ஒட்டிய வெட்டு வலுவான கொடியையும் கருவுள்ள அரும்பையும் ஆக்குவதற்கு, ஐப்பசியை ஒட்டிய வெட்டு பழத்துக்கு. பெருந்தொகைப் பழம் ஏற்றுமதி செய்யும் ஒரு பகுதி, ஒரு முழு வெட்டைக் கொடியின் நலத்துக்கே ஒதுக்குவது நாம் சிந்திக்கத்தக்கது.

வேரிலுள்ள வைப்பு

இரண்டாவது குறைக்கு, அதாவது வரவரக் குலை சிறுத்தலுக்கு, இங்கேதான் விடை உள்ளது. வெட்டிய கொடியில் இலை இல்லை. ஆயினும் இரண்டு வாரத்துள் தளிர் வெடிக்கின்றது, இலை விரிகின்றது, பூங்குலை வெளிப்படுகின்றது. இவ்வளவுக்கும் வேண்டிய உணவு வேரிலும் பழைய தண்டிலும் சேமித்து வைத்த மாப்பொருளிலிருந்தே வரவேண்டும். முதல் மூன்று நான்கு வாரங்கள் கொடி கடனிலேயே வாழ்கின்றது.

அக்கடனைத் திருப்பிக் கட்டுவது பழம் பறித்தபின் எஞ்சி நிற்கும் இலைகள். பழம் முற்றும் காலத்தில் வெல்லச்சத்தின் பெரும்பகுதி குலைக்குச் செல்லுகின்றது. குலை நீங்கியபின்பே வேருக்குப் போதிய அளவு செல்லும். ஆகவே பழம் பறித்து மறுவாரமே, ‘இலை இருந்து என்ன பயன்’ என்று கொடியை மொட்டையடித்தல், சூட்டை மிதித்து முடித்ததும் விதைநெல்லையும் அவித்து உண்பதற்கு ஒப்பாகும். அறுவடைக்குப் பின் ஐந்து அல்லது ஆறு வாரங்களாவது இலையைக் காத்து, அளவாக நீர் பாய்ச்சி, கொடியை ஓய்வில் விடுதல் வேண்டும். அக்காலத்தில் இலைநோய் கண்டால், பழம் இல்லையே என்று அலட்சியம் செய்யாது மருந்து தெளிக்க வேண்டும். ஆண்டில் மூன்று தடவை பழமெடுக்கும் ஆசை பெரும்பாலும் இந்த ஓய்வைத் தின்றே நிறைவேறுகின்றது.

வன்னிக்கு ஏற்ற காலம்

வெட்டிய நாளிலிருந்து பழம் பறிப்பதற்கு நம் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு மாதம் ஆகும். பூக்கும் காலத்திலும் பழுக்கும் காலத்திலும் மழை கூடாது. பூவில் மழை விழுந்தாற் பிஞ்சு பிடியாது. பழத்தில் விழுந்தால் தோல் வெடித்து அழுகும். வன்னியின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கின்றது. இவற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடல் வேண்டும்.

மழை ஓய்ந்து தைப்பொங்கலை அண்டி ஒரு வெட்டு. சித்திரை முடிவிற்குள் பழம். ஐந்து வாரம் ஓய்வு. ஆனி தொடங்கும்பொழுது இரண்டாம் வெட்டு. புரட்டாதியில், பெருமழைக்கு முன் பழம். பின்னர் தை வரை கொடி மழையில் நிற்கும். அப்பொழுது வெட்டுதல் வேண்டாம். இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணம் படரும் நோய் இளந்தளிரையே முதலிற் பற்றும். இந்நோயை ஒழிப்பதற்கென்றே செம்பு சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோக் கலவை பிரான்சின் போடோ நகரையடுத்த முந்திரிகைத் தோட்டங்களிற் பிறந்தது. மில்லாடே என்னும் அறிஞர் 1885இல் அதனை உலகறியச் செய்தார். இன்று நாம் தக்காளிக்குத் தெளிக்கும் அக்கலவை முந்திரிகை தந்த கொடையாகும்.

தை மாத வெட்டு காலபோக நெல் அறுவடையுடன் மோதக்கூடும். ஐந்தாறு கொடி உடையவருக்கு அது அரைநாள் வேலையே. வயலில் இறங்குவதற்கு முன் முடித்துவிடலாம். இரண்டாவது காய்ப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் பழம் பருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் வன்னிக் கிணறுகளின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். கிணறு வற்றக்கூடிய காணிக்காரர் தை வெட்டின் பழத்தோடு நிறைவு பெற்று, ஆனி வெட்டைக் கொடியை வளர்ப்பதற்கு மட்டும், குலைகளைப் பூவிலேயே கிள்ளிவிட்டு, பயன்படுத்தலாம். நீரில்லாது இரு காய்ப்பு எடுக்க முயல்வதிலும் இதுவே மேல்.

ஆனி வெட்டில் வரும் குலையின் கரு, தை வெட்டில் வளர்ந்த கொடியில் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் அமைந்ததாகும். ஆகவே அந்நாள்களில் பந்தர் இருண்டு கிடந்தால், அதன் பலன் ஆனிக்குப் பின்பே தெரியவரும்.

எத்தனை கணு, எத்தனை கொடி

பென்சில் பருமனுள்ள, பழுப்பு நிறமாக முதிர்ந்த, முன்னர் வெயிலில் நின்ற கொடிகளையே பழத்துக்காக விடவேண்டும். மெலிந்தவற்றை இரண்டு கணுவில் வெட்டி அடுத்த தடவைக்குக் கொடியாக்கலாம். பழத்துக்கான கொடியில் எத்தனை கணு விடுவது என்பதற்கு எல்லா வகைக்கும் பொருந்தும் விடை இல்லை. சில வகையில் அடிக்கணுக்களிலேயே குலை உண்டு. சில வகையில் நான்காம் ஐந்தாம் கணுவுக்கு மேலேதான் உண்டு. பின்னவகையை இரண்டு கணுவில் வெட்டினால் குலையுள்ள அரும்பெல்லாம் குப்பைக்குப் போய்விடும். இதனை அறிய ஒரு எளிய வழி உண்டு. முதற்றடவை பத்துக் கொடிகளை எட்டுக் கணுவில் வெட்டி, தளிர்த்தபின் எந்தெந்தக் கணுவின் தளிரில் குலை வந்ததென்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். அடுத்த தடவை அவ்வெண்ணுக்கு ஒரு கணு மேலே விட்டு வெட்டலாம். அவரவர் காணியும் கொடியும் கூறும் விடையே நம்பத்தக்கது.

மொத்தம் எத்தனை தளிர் என்பதை இலைக்கணக்குக் கூறும். ஒரு கிலோ பழத்தை நன்றாக இனிக்கச் செய்ய ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் வெயில்படும் இலை வேண்டும். பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் நட்ட கொடிக்குரிய பந்தர் நூறு சதுர அடி, அதாவது ஒன்பது சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். ஓர் இலை ஏறத்தாழ 120 சதுர சென்ரிமீற்றர் எனக் கொண்டால், பதினைந்து இலையுள்ள தளிர் 1800 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையது. அது 180 கிராம் குலை ஒன்றைத் தாங்கும். அறுபது தளிர் இருந்தால் பதினோராயிரம் கிராமுக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய பத்தேமுக்காற் கிலோ பழம். இலையும் ஓரடுக்குக்குச் சற்று மிகுதியாகப் பந்தரை மூடும். அதற்கு மேல் தளிர் விட்டால் இலை இலைமேல் விழும். குலை விட்டால் இலை போதாது. ஒரு தளிரில் இரண்டு மூன்று குலை வந்தால் ஒன்றை மாத்திரம் விடுவது மனத்துக்குக் கடினமாயினும் செய்யத்தக்கதே. வாழையும் மாவும் போல முந்திரிகைப் பழம் பறித்தபின் இனிப்பதில்லை. பறிக்கும் நாளில் உள்ள இனிப்பே அதன் முடிவான இனிப்பு.

தளிர்ப்பருவத்தில்

வெட்டி மூன்று வாரமானபின், ஒரே கணுவிலிருந்து இரண்டு தளிர் வந்திருந்தால் மெலிந்ததைக் கையாற் கிள்ளிவிட வேண்டும். எஞ்சியவற்றை ஒரே திசையில் குவியவிடாது பந்தர்க் கம்பியில் பரப்பிக் கட்டுதல் வேண்டும். சோளகம் வீசுங் காலத்தில் கட்டாத இளந்தளிர் அடியோடு முறியும். பூக்கும் தறுவாயில் நுனியைக் கிள்ளினால், நுனிக்குச் செல்லும் உணவு சில நாள் பூவுக்குத் திரும்பிப் பிஞ்சு நன்கு பிடிக்கும்.

நண்பகலில் பந்தரின் கீழ் நின்று நிலத்தைப் பார்க்கவும். வெயிற்பொட்டு ஒன்றும் விழவில்லையாயின் இலை மிகுதி. பொட்டுகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தால் அளவு சரி. நிலம் வெயிலாகவே தெரிந்தால் இலை குறைவு. வெறும் நிலத்தில் விழும் ஒளியால் யாருக்கும் பயனில்லை.

பழம் நிறம் மாறும்பொழுது ‘வெயில் காட்டுகிறோம்’ என்று குலையைச் சுற்றியுள்ள இலைகளையெல்லாம் பறிப்பது பெரும் பிழை. பழம் இனிப்பது தன்மேல் விழும் வெயிலால் அன்று. நம் வெயிலில் மூடியின்றி நிற்கும் குலை ஒரு பக்கம் வெந்து சுருங்கும். காற்றோட்டத்துக்காகக் குலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழுத்த இலை ஓரிரண்டை மட்டும் நீக்கலாம்.

வெட்டும் முறை

வெட்டுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர் நீரைக் குறைத்து, எஞ்சிய இலைகளைக் கையாற் களைந்துவிட்டால் அரும்புகள் ஏறக்குறைய ஒருங்கே வெடிக்கும். கத்தரிக்கோல் கூராக இருத்தல் வேண்டும். மழுங்கியது தண்டை நசுக்கும். கடைசி அரும்புக்கு ஓர் அங்குலம் மேலே, அரும்புக்கு எதிர்ப்புறம் சரிவாக வெட்டவும். நோயுற்ற கொடியை வெட்டியபின் கத்தரிக்கோலைத் துடைக்காது நல்ல கொடிக்குச் செல்லலாகாது.

வெட்டிய முனையில் இரண்டு மூன்று நாள் நீர் சொட்டுவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். சிலர் சாணமும் களிமண்ணும் பூசுகின்றனர். வேர் விழித்து நீரை மேலே தள்ளுகின்றது என்பதே அதன் பொருள். சொட்டுவது பெரும்பாலும் வெறும் நீரே, தானே நிற்கும். பூச்சு வேண்டியதில்லை, பருத்த பழந்தண்டை அறுத்த இடத்துக்கு மட்டும் போடோப் பசையைத் தடவலாம்.

நோய் கண்ட கொடிகளையும் இலைகளையும் எரித்துவிட வேண்டும். நோயற்ற, பென்சில் பருமனுள்ள கொடிகளை நான்கு கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுள் இருக்குமாறு பையில் நட்டு நிழலில் வைத்தால் வேர்விடும். தை மாதத் துண்டுகள் ஆனியில் நடுவதற்கு ஆயத்தமாக இருக்கும். ஆயினும் நீர் வசதி குறைந்தோர் அவற்றைப் பையிலேயே பேணி, ஐப்பசி முதல்மழையோடு குழியில் இறக்குதல் நன்று.